பனிக்கால டயர்கள்

ஒஸ்மோவின் இதயத் தமனியில்
ஸ்டென்ட் வைத்து இது மூன்றாம் நாள்.
பத்து மணியாகியும்
யோயென்சு நகரத்துக்கு இன்னும் முழுதாக விடியவில்லை.

ஹெர்த்தா எண்களை இடுகிறாள்.
வயது எழுபத்து நான்கு.
வந்தபோது நாடி நூற்றுப் பத்து.
கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல்.
ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளித்தள்ளும் இரத்தம்
நூற்றுக்கு முப்பத்தைந்து.
நெஞ்சு வலித்த பிறகும்
மிச்ச விறகைப் பிளந்து அடுக்கிவிட்டுத்தான்
ஆம்புலன்சை அழைத்தார் என்பதற்குக்
கட்டம் எதுவுமில்லை.
'தாமதம்: நான்கு மணி நேரம்.'
அவ்வளவுதான்.

திரை தயங்குவதில்லை.
ஓராண்டுக்குள் இறப்பு,
நூற்றுக்குப் பதினெட்டு.

"உங்களைப் போன்ற நூறு பேரில்..."
என்று தொடங்கினாள்.
"என்னைப் போல நூறு பேரா?
எங்கள் சாலையில் மொத்தமே ஆறு வீடு."

பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்து
கேட்டார்:
"ஆணி பதித்த பனிக்கால டயர்
புதிதாக நான்கு வாங்கலாமா?
ஐந்து குளிர்காலம் உழைக்கும் என்கிறான் கடைக்காரன்.
இல்லை, பழசையே
இந்த ஒரு வருஷம் ஓட்டிவிடட்டுமா?"

எண்பத்திரண்டு பேர் வாங்கலாம்.
பதினெட்டு பேருக்கு வீண் செலவு.
இவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று
நாலாயிரம் பேரை விழுங்கிய கணக்குக்கும் தெரியாது.
"ஆறு வாரம் வண்டியைத் தொடக் கூடாது" என்றாள்.
"நான் அதைக் கேட்கவில்லை."

அடுத்த டிசம்பரில் கணக்கைச் சரிபார்த்தார்கள்.
பதினெட்டு சதவீதக்காரர்கள் நூற்று ஏழு பேர்.
போனவர்கள் பத்தொன்பது.
சொன்னதும் நடந்ததும் ஒரே கோட்டில் விழுந்தன.
துறைத்தலைவர் கேக் வாங்கிவந்தார்.
ஹெர்த்தாவும் ஒரு துண்டு தின்றாள்,
நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பத்தியில்
இறந்தவர்க்கு ஒன்று.
இருப்பவர்க்குச் சுழியம்.
கட்டிலருகே குனிந்து
"உங்களுக்கு ஒன்றுமில்லை" என்போமே,
அந்த ஒன்றுமில்லை.

ஒஸ்மோவின் வரிசையிலும் சுழியம்தான்.
பதிவேடு பொய் சொல்லாது.
ஆனாலும் போன் செய்தாள்.
எட்டாவது மணிக்கு எடுத்தார்.

டயர்?
"இரண்டு குளிர்காலம் ஓடியது, பாதி விலைக்குக் கிடைத்தது.
உன் பதினெட்டுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

இப்போதும் நீங்கள்தான் ஓட்டுகிறீர்களா?

"கண் மங்கிவிட்டது.
பக்கத்து வீட்டு லெம்பி ஓட்டுகிறாள்.
வயது எண்பத்தொன்று.
அவளை இன்னும்
யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்,
நீளமாக,
பொறுமையில்லாமல்.