மேலே இருக்கிறவன் போனால்

கோத்தகிரியில் கடல் கிடையாது.
கடலை நான் பார்த்ததும் கிடையாது.
ஆனாலும் ஒரு கப்பல்காரரை
கேப்டனிலிருந்து அட்மிரல் வரைக்கும்
என் முதுகில்தான் ஏற்றிப்போனேன்.

தபால் பை, சலங்கை கட்டிய ஈட்டி.
குஞ்சப்பனையில் மாற்றாள் கையிலிருந்து வாங்கினால்
அரவேணு தாண்டி மேலே பதினோரு கல்.
யானைக்குச் சலங்கை கேட்க வேண்டும்,
புலிக்குக் கேட்கக் கூடாது என்பார்கள்.
என்னிடம் ஒரே சலங்கைதான்.

துரை பேர் திரஸ்காட்டு.
வலது காதுக்குள் பழைய பீரங்கி ஒன்று
இன்னும் வெடித்துக்கொண்டிருந்ததாம்,
அதனால் யார் பேசினாலும் இடப்பக்கம் நிற்க வேண்டும்.
முப்பத்தெட்டு வயதில் கேப்டன்.
அப்புறம் கப்பல் தரவில்லை,
அரைச் சம்பளம் தந்தார்கள்.
அவர் இந்தக் குளிரைத் தேடி வந்து
பங்களா முன்னால் பாய்மரம் உயரத்துக்கு
ஒரு கொடிக்கம்பம் நட்டு
அதன் அடியில் பீட்ரூட் போட்டார்.

கெஜட் வருகிற நாளில்
பட்லர் சூசை சிவப்பு மைக்கூட்டைத் திறந்துவைப்பான்.
பெரிய புத்தகம். மேலிருந்து கீழாகப் பெயர்கள்.
செத்தவர்களைத் துரை ஒரே கோட்டில் அடிப்பார்.
அடிக்க அடிக்க இவர் மேலே வருவார்.
'கப்பலே ஏறாமலா?' என்றேன்.
'வரிசைடா. மேலே இருக்கிறவன் போனா
கீழே இருக்கிறவன் ஏறுவான்.
காத்திருக்கத் தெரிஞ்சா போதும்' என்றான் சூசை.

ஒருவர் காய்ச்சலில் போனார்.
ஒருவர் சாப்பாட்டு மேசையில்.
ஒருவர் மூழ்கித்தான் போனார், ஆனால் குளத்தில்.
ஐப்பசி மழையில் நான் கொண்டுவந்த உறையொன்றில்
துரை ரியர் அட்மிரல் ஆனார்.
சூசை அதைப் பின்னட்மிரல் என்று தமிழாக்கி
எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தான்.

அந்த வருஷமே, தை மாசம்,
ஒன்றாம் நம்பர் ரன்னர் காரனை யானை மிதித்தது.
சலங்கை அதற்குக் கேட்டுத்தான் இருக்கும்.
ஈட்டி ஓடையில் கிடந்தது,
பை மட்டும் ஒரு கிளையில், நனையாமல்.
இரண்டாம் நம்பர் ஒன்றாம் நம்பரானான்.
மூன்றாம் நம்பர் நான் இரண்டானேன்.
மாதம் எட்டணா கூடுதல்.
முதல் எட்டணாவைக் கையில் வாங்கினபோது
எழுத்தே தெரியாத எனக்கு
துரையின் புத்தகம் வாசிக்க வந்துவிட்டது.

வைஸ் அட்மிரல் ஆன அன்று கேக் இல்லை.
போனவன் யாரோ கூட வளர்ந்தவனாம்.
பன்னிரண்டு வயதில் இருவரும்
ஒரே பெட்டியில் உட்கார்ந்து
புழு விழுந்த ரொட்டியைத் தட்டித் தட்டித் தின்றவர்களாம்.
அந்தப் பெயரைத் துரை அடிக்கவில்லை.
பேனாவில் மை காய்ந்து
சூசை வெந்நீரில் ஊறவைத்தான்.

முழு அட்மிரல் ஆக இன்னும் ஆறு வருஷம்.
உறையைக் கொடுத்தபோது விடியற்காலம்.
கீழே சமவெளி முழுக்க வெள்ளை மேகம்,
பவானி தெரியவில்லை, மேட்டுப்பாளையம் தெரியவில்லை.
துரை பொத்தான் பூட்டாத சட்டையோடு வந்து
தொலைநோக்கியை விரித்தார்,
ரொம்ப நேரம் பார்த்தார்.
என்ன தெரிகிறது என்று சூசை
தவறான காதில் கேட்டான்.

மாசி கடைசியில் கீழே போகிற பையில்
கறுப்பு ஓரம் வைத்த ஒரு கடிதம்.
போஸ்ட்மாஸ்டர் தராசில் போட்டார், அரைத் தோலா.
எங்கோ ஓர் ஊரில், நான் பார்க்காத ஒரு தோட்டத்தில்
யாரோ ஒரு படி ஏறப்போகிறார்.
என் பின்னால் மூன்றாம் நம்பர்,
புதுப் பையன், இளம் கால்,
என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மேகத்துக்குள் இறங்கினேன்.
முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது.
கழுத்தளவு வந்தபோது
சலங்கையைப் பலமாக ஆட்டினேன்.