லொறி என்பது

அப்போது யதுசனுக்கு வயது ஒன்றேகால்.
கைவசம் மூன்று சொற்கள்:
அம்மா, இந்தா, லொறி.
முதல் இரண்டையும் சரியான இடத்தில் வைத்தான்.
மூன்றாவதைக்
கண்ட கண்ட இடத்தில் போட்டான்.

மேல்கணக்குப் பிள்ளைமடுவத்தில்
பதினொரு தொட்டில், நான் ஒருத்தி.
பத்தரைக்குக் கொழுந்து லொறி வரும்.
ஜன்னலுக்குத் தூக்கிப்போய்
"அந்தா பாரு, லொறி" என்று
நான்தான் காட்டினேன், ஐந்தாறு தடவை.
எதைக் கண்டாய் என்று அவனைக் கேட்கவில்லை.
பச்சைத் தகரத்தையா, சக்கரத்தையா,
பின்னால் தொங்கிக்கொண்டு வரும் சன்னாசியையா,
சாக்குக்குள் அமுங்கிய கொழுந்தின் வாசத்தையா?
விரலை நீட்டினால் போதும்,
சொல் போய்த் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று
நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இடி இடித்தது.
லொறி, என்றான். சிரித்தேன்.
பக்கத்து லயத்தில் மிளகாய் இடித்தார்கள்.
லொறி.
அடுத்த நாள்
குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த அபிலாசினியின்
முதுகில் கையை வைத்தான்,
வைத்தபடியே இருந்தான்,
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து
மெல்லச் சொன்னான்,
லொறி.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

ரோட்டோரம் புல் முளைத்து நிற்கும்
டயர் இல்லாத பழைய லொறியிடம் கொண்டுபோனேன்.
"இது என்ன?"
நன்றாகப் பார்த்தான்.
இந்தா, என்று
கையிலிருந்த எச்சில் பிஸ்கட்டை என்னிடம் நீட்டினான்.

நடை பிந்திய பிள்ளை.
நாளெல்லாம் சிமெந்துத் தரையில்தான் இருப்பு.
உலகம் அவனுக்கு
குண்டியிலும் உள்ளங்கையிலும் வந்து இறங்கியிருக்கிறது.
சக்கரம் உள்ளதையெல்லாம் நான் ஒரு பெட்டியில் போட்டேன்.
தரையை உசுப்புவதையெல்லாம் அவன் ஒரு பெட்டியில் போட்டான்.
பிழை என்று சொல்லப் போனேன்,
யாருடைய பிழை என்பதில் நின்றுவிட்டேன்.

அந்த ஐப்பசியில்
கொட்டகலையில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி.
மண் சரியுமுன் அறிகுறிகள் எட்டு.
அதிகாரி திரையில் படம் படமாகக் காட்டினார்:
சாய்ந்த மரம், வெடித்த சுவர்,
திடீரென்று கலங்கிய ஊற்று.
கொப்பியில் எழுதினேன், அடிக்கோடிட்டேன்,
தேத்தண்ணி நேரத்தில் ஒப்புவித்தும் பார்த்தேன்.
பஸ் ஏறும்போது ஐந்து இருந்தது.
இறங்கும்போது மூன்று.
இங்கே வந்து சுற்றிப் பார்த்தால்
எங்கள் லயத்தில் வெடிக்காத சுவர் எது?
இந்த மலையில் நேராக நிற்கும் மரம் எது?
படத்திலிருந்த வெடிப்புக்கு
சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

யதுசன் இப்போது ஓடுகிறான்.
இடியை இடி என்கிறான்.
உலக்கைச் சத்தத்தை டொக்கு டொக்கு என்கிறான்.
புல் முளைத்ததையும்
போன கிழமை லொறி என்று ஒத்துக்கொண்டான்,
அவன் அம்மா கைதட்டினாள், நானும்தான்.
இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் நடுக்கம் வந்தபோது
பக்கத்தில் நின்று பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கு அவனிடம் இப்போது பெயர் இல்லை.

மழை பிடித்து மூன்றாம் நாள்.
தாய்மார் ரெட்டுப் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள்.
பிள்ளைகளுக்கு மத்தியானத் தூக்கம்.
பத்தரை லொறி வந்துபோயாயிற்று,
மூன்றரை லொறிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
தரையில் உட்கார்ந்து
உள்ளங்கையைச் சிமெந்தில் பதிக்கிறேன்.

என்னவோ இருக்கிறது.
கானில் ஓடுகிற தண்ணீராக இருக்கலாம்.
என் நாடியாகவும் இருக்கலாம்.
எட்டில் எதிலும் சேராதது.

அவன் போட்டுவிட்டுப் போன சொல்லை எடுத்து
ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்,
தொட்டிலில் யாருக்கும் கேட்காதபடி.

பிறகு எழுந்து
பதினொரு சோடிச் செருப்பையும்
வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன்.