மீதி

சீட்டு எழுதியது நான்தான்.
கட்டபெட்டு ஃபேக்டரியில் பதினோரு வருடமாகக்
கொழுந்துக் கணக்கு எழுதும் இதே கை.
ஆண்டு விழாவில் புதையல் தேடுகிறவர்களுக்காக:

இலைக் கொட்டகை தாண்டி வளைவு வரைக்கும்
வரிசையில் இருக்கிற சில்வர் ஓக்கை எண்ணு.
எண்ணியதை அதே எண்ணால் பெருக்கு.
மைல்கல்லில் இருப்பதால் வகு.
மீதி ஒன்றா, ஒரு நிரை இறங்கி வாய்க்கால் ஓரம் தோண்டு.
மீதி நான்கா, உனக்கு எண்ண வரவில்லை, திரும்பிப் போ.
மீதியே இல்லையா, வளைவிலேயே உட்கார்ந்து டீ குடி.

மைல்கல்லில் கோத்தகிரி 8.
மரம் பதின்மூன்று.
நூற்று அறுபத்தொன்பதில் எட்டு
இருபத்தொரு முறை போக, ஒன்று மிஞ்சும்.

சாக்கில் சுற்றிப் புதைத்த பிரஷர் குக்கரைவிட
ஆழத்தில் நான் ஒளித்தது வேறொன்று.
ஒற்றைப்படை எதைத் தன்னோடு பெருக்கினாலும்
எட்டில் ஒன்றுதான் மிஞ்சும்.
ஐப்பசிப் பனி இரண்டு மரத்தை விழுங்கட்டும்,
பதினொன்று என்பார்கள், அப்போதும் ஒன்று.
நான்கை விழுங்கட்டும், ஒன்பது, அப்போதும்.
எண்ணத் தவறுகிறவருக்கும்
குக்கர் கிடைக்கும்படி ஒரு கணக்கு.
பனி ஏன் இரண்டிரண்டாக விழுங்க வேண்டும்
என்று நீங்கள் கேட்கலாம்.
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முந்தின இரவு மழை.
மண் இளகி ஆறாவது மரம்
வேரைத் தூக்கிக் காட்டியபடி
தேயிலைக்குள் படுத்துவிட்டது.

டிரையர் போஜனின் அணி முதலில் வந்தது.
நிக்கிறதைத்தான் எண்ணணும் என்றார் போஜன்.
பன்னிரண்டு. நூற்று நாற்பத்து நான்கு.
எட்டு பதினெட்டு முறை போய்
கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி
ஒன்றும் மிஞ்சவில்லை.
என் கேலியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு
வளைவில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தார்கள்.

பின்னால் செல்லமணி,
அவளோடு கொழுந்து பறிக்கிறவர்கள் ஆறு பேர்.
சீட்டுல இருக்கிறன்னுதானே போட்டிருக்கு?
படுத்துட்டா இல்லாம போயிடுமா?
காய்ச்சல்ல எங்க அண்ணி ஒரு வாரமா படுத்திருக்கா,
அவளை ரேஷன் கார்டுல இருந்து எடுத்துடுவீங்களா?
பதின்மூன்று. மீதி ஒன்று.
களைக்கொட்டோடு ஒரு நிரை இறங்கினார்கள்.

பனிக்குள்
வாய்க்கால் ஓரம்
கறுப்பாக ஏதோ மூச்சு விட்டது.

முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
கொம்பில் சிக்கிய ஒரு பெரணி இலை.
சரியான விடையின் மேல், அங்குலம் பிசகாமல்,
படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது காட்டெருமை.

செல்லமணி கத்தவில்லை.
திரும்பவுமில்லை.
முதுகால் செடியைத் தடவித் தடவி
ஏழு பேரும் பின்பக்கமாகவே ஏறி வந்தார்கள்.
போஜன் ஒரு டம்ளரை நீட்டினார்.
அதற்குப் பிறகு யார் எந்த அணி என்று
எனக்கே குழப்பம்.

சீட்டை டைப் அடித்த ஹைருன்னிசா
என் காதோரம் கேட்டாள்,
அக்கா, இப்ப எது சரி?
மாடு எழுந்ததும் சொல்றேன் என்றேன்.

நாலரைக்கு எழுந்தது.
எங்களை ஒருமுறை பார்த்தது,
எண்ணியதா தெரியாது.
குக்கரின் மூடி வளைந்திருந்தது.
விசில் மட்டும் பழுதில்லை.
வென்றவர் பெயர் கேட்டு மேனேஜர் அனுப்பிய தாளில்
இன்னும் கோடு காலி.

திங்கட்கிழமை அந்த மரம்
துண்டு துண்டாக எடைமேடைக்கு வந்தது,
டிரையர் அடுப்புக்கு.
விறகுக் கணக்கில் எழுதினேன்,
நானூற்றுப் பத்து கிலோ.
பழக்கதோஷம்,
எட்டால் வகுத்துப் பார்த்தேன்.
மீதி இரண்டு.

எந்த எண்ணைத் தன்னோடு பெருக்கினாலும்
எட்டில் இரண்டு மிஞ்சாது.
அதனால்
இரண்டு வந்தால் எங்கே போவதென்று
சீட்டில் நான் எழுதவே இல்லை.