சொத்தை

முசிம்பா போகும் கடைசி மினிபஸ்ஸும் போயாயிற்று.
சோலார் விளக்கில் இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் இருக்கும்.
முறத்தில் கடலையைக் கொட்டிப் பரப்பி
ஒவ்வொன்றாகப் புரட்டுகிறேன்.
சிடெஞ்சே துணிக்குள் என் முதுகில் நீ,
ஏழு மாதம், இரண்டு பல்.
குனியும்போதெல்லாம் உன் மூச்சு
என் பிடரியில் ஈரமாகப் படுகிறது.

இது சுருங்கியது. இது கறுத்தது.
இதன் தோலில் பச்சையாய்த் தூசு மாதிரி ஏதோ.
இது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
பிளந்தால்
உள்ளே சாம்பல் பூத்திருக்கிறது.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு:
முழுக் கடலை மூட்டைக்கு,
சொத்தையும் உடைசலும் உலைக்கு.
நான் வாழ வந்த நாளிலிருந்து இப்படித்தான்.
யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.
உப்பு வாங்க வேண்டும். சோப்பு வாங்க வேண்டும்.
உன் அக்கா லுசுங்குவுக்கு நோட்டுப் புத்தகம்.

புதன்கிழமை, பிள்ளைகளை எடை போடும் மரத்தடியில்
அந்த நர்ஸ், என்னைவிடச் சின்னவள், சொன்னாள்:
கடலையில் பிடிக்கும் பூசணம்
விடும் விஷம் ஒன்று இருக்கிறதாம்,
வறுத்தாலும் போகாதாம், வேகவைத்தாலும் போகாதாம்.
நெருப்புக்கே சாகாததா, என்று கேட்டுவிட்டேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியாததா, தவோங்கா?
கை கழுவத் தெரியும்.
தண்ணீரைக் கொப்புளம் வெடிக்கக் கொதிக்கவிடத் தெரியும்.
காலைக் கஞ்சியைச் சாயங்காலம் தரக்கூடாதென்று தெரியும்.
அடுப்பு இருக்கிறது என்ற தைரியத்தில்தான்
இத்தனை நாள் சமைத்தேன்.
இதற்கு அடுப்பு போதாதாம்.
கண் வேண்டும். நகம் வேண்டும்.
கொஞ்சம் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரண்டு முறம் முடிவதற்குள்
சொத்தை ஒரு தட்டு நிறைந்துவிட்டது.
பாயிலிருந்து கும்போ, கண்ணைத் திறக்காமலே:
"மூட்டைக்கு நடுவில் போட்டு மூடிவிடு.
தராசுக்குக் கண்ணில்லை."

உன் அப்பா கெட்டவனில்லை.
மழை பிந்திய டிசம்பரில்
ஒரே வரப்பை மூன்று தடவை கொத்தியவன்.
தட்டிலிருப்பது அவன் முதுகுவலியும்தான்.

போன வருஷம் நடுவில் போட்டுத்தான் மூடினேன்.
அந்த மூட்டை லாரியேறி
லிலோங்வேக்குப் போயிருக்கும்.
எந்த மில்லில் மாவாயிற்றோ,
எந்தக் கிண்ணத்தில் விழுந்ததோ.
அந்தக் கிண்ணத்துக்கு முன்னாலும்
இரண்டு பல்லோடு ஒன்று
வாயைத் திறந்து காத்திருந்திருக்கும்.

கோழிக்கும் போடாதே என்றிருக்கிறாள்.
கக்கூசுக்குப் பின்னால்
முழங்கை ஆழம் தோண்டிக் கொட்டி, மிதித்து மூடினேன்.
விதைக்கிற கையால்
முளைக்கக் கூடாதென்று புதைப்பது
என்னவோபோல் இருந்தது.
மூட்டையில் ஒரு சோப்பின் விலை குறையும்.
சோப்புப் போட்டுக் கை கழுவு என்றும்
அவள்தான் சொன்னாள்.

விடிந்ததும்
மூட்டைக்கென்று எடுத்துவைத்த முழுக் கடலையில்
ஒரு கை அள்ளி வறுத்தேன்.
தொண்டையில் நிற்காதபடி மாவாக இடித்து,
சோள மாவோடு கலந்து,
கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம் வரும்வரை
கிண்டினேன்.
உதட்டில் வைத்துச் சூடு பார்த்தேன்.

முதல் கரண்டி.
முகத்தைச் சுளித்து
அத்தனையையும் என் கழுத்தில் துப்பினாய்.
துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினேன்.
மூன்றாவதை விழுங்கினாய்.
நாலாவதுக்குக் கரண்டியைப் பிடித்து இழுத்தாய்.

கிண்ணத்தை வழித்து நக்க
வாசலில் காத்திருக்கிறாள் லுசுங்கு,
நேற்றுவரை சொத்தை தின்ற பிள்ளை.
வயது ஆறு.
நாலு வயதுச் சட்டை
இன்னும் அவளுக்குச் சரியாக இருக்கிறது.