சும்மா ஒரு சுற்று

போன வழியால் திரும்பாத நடை
இந்த ஊரில் இல்லையா என்று கேட்டார்
டெர்பியிலிருந்து வந்திருந்த மச்சான் நிமலரூபன்.
அங்கே குன்று ஏறி, செம்மறிகளைத் தாண்டி,
புறப்பட்ட கதவுக்கே வந்து சேர்வார்களாம்.
குன்றுக்கு நான் எங்கே போக?
கீரிமலையிலும் மலை பெயரில்தான்.

நாலரைக்கு வெளிக்கிட்டோம்,
நீர்வேலி வாழைகளுக்குள்ளால்,
சப்பாத்தில் செம்மண் ஏற ஏற.

முதல் முடக்கில்,
"எங்கை போறியள்?"
சும்மா.
"சும்மா எண்டால்?"
வேலிக்கு மேலே அந்த முகம் நின்றுகொண்டே இருந்தது.
நாய்களும் நம்பவில்லை.

மதவடியில் அதே கேள்வி.
"அப்ப இதைத் திலகேஸ்வரியிட்டைக் குடுத்துவிடுங்கோ."
ஒரு பை முருங்கைக்காய்.
திலகேஸ்வரி பையை வாங்கிக்கொண்டு
இரவல் சைக்கிள் பம்பை நீட்டினாள்,
சந்திக் கடைக்கு.
கடைக்காரர் பம்பை வாங்கிவைத்துக்
குரலைத் தணித்தார்:
உங்கடை பக்கத்து வீட்டுப் பெடியன், கொழும்பில்.
போனில் சொல்லேலாது. நேரில் சொல்லுங்கோ.

மிச்ச ஒழுங்கை முழுக்க
மச்சான் படம் எடுக்கவில்லை.

இருட்டில் வட்டம் முடிந்தது.
அவர் படலையடியில் சப்பாத்தைத் தட்டுகிறார்.
பக்கத்து வீட்டில் யாரோ சிரிக்கிறார்கள்.
எனக்கு இன்னும்
ஒரு படலை இருக்கிறது.