கேள்வி எண் இருபத்திரண்டு

ஃப்ளென்ஸ்பர்க்கில் பிப்ரவரி.
துறைமுகக் காற்று என் கோட்டுப் பொத்தான்களை
ஒவ்வொன்றாக விசாரிக்கிறது.
பையில் நாற்பது படிவங்கள்,
சுவருக்குள் ஈரம் பார்க்கும் சிறு கருவி.
வீட்டுக்கு வீடு போய்க் கேட்கிறேன்:
உங்களுக்கு எவ்வளவு போதும்?

கேட்பது சம்பளத்துக்கு.
மூன்றாண்டுத் திட்டம், இது இரண்டாவது ஆண்டு.

திருமதி இங்வெர்சன்.
நூற்று அறுபத்தெட்டு சதுர மீட்டர், ஒரே ஆள்.
மாடியில் மூன்று அறைகளிலும்
ரேடியேட்டரைத் தொட்டால் சுடுகிறது.
"அங்கே யார் இருக்கிறார்கள்?"
"பியானோ" என்றார்.
"குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும்."
"வாசிப்பீர்களா?"
"விற்கத்தான் வைத்திருக்கிறேன்.
ஒன்பது வருடமாக."
மறுபடி காப்பி ஊற்ற வந்தார்.
கோப்பையை உள்ளங்கையால் மூடினேன்.
ஆவி பட்டுக் கை வேர்த்தது.
இவ்வளவு எளிய சைகையை
ஒரு கண்டத்துக்குச் செய்துகாட்ட
எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்!
நானும் தனியாள்தான், எழுபத்து நான்கு சதுர மீட்டர் என்பதை
அவரிடம் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம்
அதே தெரு தொடர்கிறது, வேறு தெருவைப் போல.
ஸ்தாங்கா வசிலேவா, ஸ்லிவெனிலிருந்து வந்தவர்.
இரவெல்லாம் ஓட்டல் சலவையகத்தில்
யார் யாரோ படுத்த விரிப்புகளை நீராவியில் தேய்த்துவிட்டு
விடியலில் சில்லிட்ட வீட்டுக்குத் திரும்புகிறவர்.
முப்பத்தொரு சதுர மீட்டர், ஐந்து பேர்.
ஜன்னல் இடுக்கில் பழைய துண்டு.
சுவரில் வைத்ததும் என் கருவி கத்தத் தொடங்கியது,
அணைக்கத் தெரியாமல் தடுமாறினேன்.
ஹீட்டர் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை.
"கடைசிப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாது,
ஆனால் மீட்டர் பார்க்கத் தெரியும்" என்று சிரித்தார்.

அன்றிரவு எண்களைக் கணினிக்கு ஊட்டினேன்.
விடை பச்சை நிறத்தில் வந்தது:
இக்குடும்பம் 2050ஆம் ஆண்டின் இலக்கை
ஏற்கெனவே எட்டிவிட்டது.

வெகுநேரம் அந்தப் பச்சையையே பார்த்திருந்தேன்.
எதிர்காலத்தில் குடியிருக்கிறார் ஸ்தாங்கா.
அங்கே மூலையில் பூஞ்சணம் பூத்திருக்கிறது.

இதற்கு மேல் வேண்டாம் என்று
ஓர் உச்சிக்கோடு வரைந்திருந்தோம், கவனமாக.
இதற்குக் கீழே யாரும் இருக்கலாகாது என்ற கோட்டை
அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம்.
"ஒரு வரி சேர்த்தால் போதும்" என்றான் யெஸ்பர்.
அந்தச் சொல்லை
அவன் எவ்வளவு லேசாகச் சொல்கிறான்.

பிரஸ்ஸல்ஸில் எனக்கு ஏழு நிமிடம்.
வெளியே பனித்தூறல், அரங்கில் இருபத்து நான்கு டிகிரி;
எல்லாரும் கோட்டைக் கழற்றி
நாற்காலிகளுக்குப் போர்த்தியிருந்தார்கள்.
நல்ல குரலுள்ள அதிகாரி ஒருவர் கேட்டார்:
"போதும் என்ற சொல்லை மாற்றலாமா?
வாக்காளர்கள் மிரள்கிறார்கள்.
திறன் என்று போடுங்கள். யாரையும் தொந்தரவு செய்யாது."
குறித்துக்கொண்டேன்.
குறித்துக்கொண்டதற்காக இன்னும் என்மேல் கோபம்.

கேள்வி எண் இருபத்திரண்டு கடைசிப் பக்கத்தில் வரும்,
பெரும்பாலும் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள்:
இன்னும் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்றால், அது எது?

இங்வெர்சன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்,
கட்டத்தைக் காலியாகவே திருப்பித் தந்தார்.
ஸ்தாங்கா யோசிக்கவில்லை.
"ஒரு கதவு" என்றார்.
"மூத்தவளுக்குப் பதினான்கு ஆகிறது.
உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள."

அட்டவணையில் கிலோவாட் மணி உண்டு,
சதுர மீட்டர் உண்டு, கரியமில வாயு டன் கணக்கில் உண்டு.
ஒரு நிரையைப் புதிதாகத் திறந்து எழுதினேன்:
கதவு, ஒன்று.

அறிக்கை நேற்று திரும்பி வந்தது.
அந்த எண்ணின் பக்கத்தில்
பதிப்பாசிரியரின் சிவப்பு மசியில்
ஒரே ஒரு கேள்வி:
அலகு?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.