இரண்டு செக்கன்

பேஸ்லைன் வீதியில் மழை.
முன்னால் சீமெந்து லொறி
தெமட்டகொடையில் ஒரு விளக்குக்கம்பத்தைத் தாண்டுகிறது.
ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என
உதடசையாமல் எண்ணி முடித்தபிறகே
அந்தக் கம்பம் எனக்கு.

"ஒரு பஸ்ஸையே விடலாம் அந்த இடத்தில"
பின்சீற்றில் மிஸ்ரியா.

பஸ் வரவில்லை, ஓட்டோ நுழைந்தது.
சரி.
கால் தளர்த்தி மறுபடி ஆயிரத்தொன்று.
பிறகு ஒரு வெள்ளை வான். பிறகு
வாடகைக் கார், ஜன்னலில் புகையும் கையோடு.
ஒரு வெறுமையைக் கண்டால்
பொறுக்காது கொழும்புக்கு.
விட்டு விட்டே பொரளை வரை வந்துவிட்டேன்.

லொறியில் திடீரெனச் சிவப்பு.

தகரம் தகரத்தைக் கேட்கிறது,
அது அடுத்ததைக் கேட்கிறது.
ஓட்டோக்காரர் முழங்கையைப் பிடித்தபடி இறங்கி
யாரையென்று தெரியாமல் ஏசுகிறார்.

கடைசியாய் நொறுங்கிய விளக்குக்கும்
என் பம்பருக்கும் நடுவில்
மழை பெய்ய இடமிருக்கிறது.

பிரேக்கைத் தட்டித் தட்டித்தான் நின்றேன்,
பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து.
கண்ணாடியில் அவன் வெளிச்சம்
பெருத்து, பெருத்து,
நின்றது.

ஹோர்ன் அடிக்கிறான், விடாமல்.
மிஸ்ரியா திரும்பி முறைக்கிறாள்.

அடிக்கட்டும், பிள்ளை.
அடிக்க ஆள் இருக்கிறான்.